ஃபிராஞ்சிபான்: பாதாம் பூரணமும் அதன் பெயரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேக்கிங் கற்றுக்கொள்ள வருபவர்கள் சாக்லேட்டுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்பது இந்தப் பாதாம் பூரணத்தைப் பற்றித்தான். பாதிக் கேள்விகள் அடுப்பைப் பற்றியவை, பாதி பெயரைப் பற்றியவை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃபிராஞ்சிபான் என்றால் என்ன?

வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பாதாம் பொடி நான்கையும் சேர்த்துக் குழைக்கும் பூரணம். டார்ட் ஓட்டுக்குள் பரப்பியோ பஃப் பேஸ்ட்ரிக்கு நடுவில் வைத்தோ பேக் செய்வார்கள். வெந்த பிறகு கேக்குக்கும் அல்வாவுக்கும் இடைப்பட்ட ஒரு பதத்தில் இருக்கும். மேலே பொன்னிறமாக லேசான மொறுமொறுப்பு, உள்ளே ஈரம், நாக்கில் பாதாமின் நறநறப்பு. முட்டை பச்சையாக இருப்பதால் இதை பேக் செய்யாமல் சாப்பிடுவதில்லை.

பெயருக்கு என்ன அர்த்தம்?

நேரடி அர்த்தம் ‘ரொட்டியைப் பிட்டவர்’. லத்தீனில் ‘ஃபிராங்கேரே’ என்றால் உடைத்தல், ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. இரண்டும் சேர்ந்து ஃபிராஞ்சிபானி என்று ஒரு குடும்பப் பெயராயிற்று. ரோம் நகரத்துப் பிரபுக் குடும்பம் அது. பஞ்ச காலத்தில் முன்னோர் ஒருவர் ஏழைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்ததால் வந்த பெயர் என்பது குடும்பத்து மரபுக் கதை. அவர்களோடு உறவு கொண்டாடிய குரோஷியாவின் ஃபிராங்கோபான் பிரபுக்கள் தங்கள் சின்னத்திலேயே இரண்டு சிங்கங்கள் எதிரெதிரே நின்று ரொட்டியைப் பிடித்திருப்பதைப் பொறித்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொட்டியை ‘பாண்’ என்கிறோமே, அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். அதற்கும் மூலம் இதே ‘பானிஸ்’தான். அதனால் ஃபிராஞ்சிபானில் உள்ள ‘பான்’ நம் காதுக்கு அவ்வளவு அந்நியமில்லை.

அந்தக் குடும்பத்தின் வரலாறு பெயரைப் போல மென்மையானதல்ல. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை ரோமின் அரசியலைக் கையில் வைத்திருந்தவர்களில் அவர்களும் உண்டு. கொலோசியத்தையே கோட்டையாக்கிக் குடியிருந்தார்கள். 1118-இல் போப் இரண்டாம் கெலாசியஸைத் தாக்கிச் சிறைபிடித்தவர் சென்சியோ ஃபிராஞ்சிபானி. 1268-இல் தோற்று ஓடிவந்த கொன்ராடின் என்ற பதினாறு வயது இளவரசனைப் பிடித்து எதிரியிடம் ஒப்படைத்தவர் ஜோவான்னி ஃபிராஞ்சிபானி. அந்தப் பையனின் தலையை நேப்பிள்ஸில் வெட்டினார்கள்.

ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயர் பலகாரத்துக்கு எப்படி வந்தது?

கையுறை வழியாக. 16-ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்து மார்க்கி (ஒரு பிரபுப் பட்டம்) ஒருவர், தோல் கையுறைகளுக்கு மணமூட்ட ஒரு வாசனைக் கலவையை உருவாக்கினார் என்பதுதான் அகராதிகள் பொதுவாகத் தரும் விளக்கம். அவர் பெயரைப் பெரும்பாலும் முசியோ ஃபிராஞ்சிபானி என்று குறிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் தோல் பதனிடும் முறையில் தோலுக்குக் கடுமையான நாற்றம் இருக்கும். பணக்காரர்கள் அதைக் கையில் மாட்டிக்கொண்டு முகத்தருகே கொண்டுபோக வேண்டுமானால் வாசனை ஏற்றியாக வேண்டும். பிரான்சில் கையுறைக்காரரும் வாசனைக்காரரும் ஒரே தொழில் சங்கத்தில் இருந்தார்கள். இன்று வாசனைத் திரவியத்துக்குப் பெயர் போன கிராஸ் நகரமும் தோல் தொழிலில் தொடங்கிய ஊர்தான்.

‘ஃபிராஞ்சிபானி கையுறை’ பிரபலமானதும் அந்த வாசனைக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. பிறகு சமையல்காரர்கள் தங்கள் பாதாம் பூரணத்துக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். கையுறை வாசனையில் பாதாம் மணம் இருந்தது, அதனால்தான் இந்த ஒட்டு என்று பலர் சொல்கிறார்கள். 1674-இல் அச்சான ஒரு பிரெஞ்சு சமையல் நூலில் ‘ஃபிராஞ்சிபான்’ வருகிறது. அப்போது அது பாதாமோ பிஸ்தாவோ சேர்த்த கஸ்டர்ட் டார்ட்டைக் குறித்தது. முழுப் பலகாரத்தின் பெயர் பின்னால்தான் உள்ளே வைக்கும் பூரணத்துக்கு மட்டும் என்று சுருங்கியது.

பழைய பிரெஞ்சு சமையலில் ‘ஃபிராஞ்சிபான் பனாட்’ என்றும் ஒன்று உண்டு. மாவு, மஞ்சள் கரு, வெண்ணெய், பால் சேர்த்துக் கிண்டும் கெட்டிக் கூழ் அது. மீன், கோழிக் கொத்துகளைப் பிடித்து வைக்கப் பயன்படும். அதில் பாதாம் கிடையாது. பழைய பிரெஞ்சு நூல்களைப் புரட்டுபவர்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

புனித பிரான்சிஸ் சாகும் தறுவாயில் கேட்டது ஃபிராஞ்சிபானைத்தானாமே?

அழகான கதை. பாதி உண்மையும்கூட. அசிசியின் பிரான்சிஸுக்கு ரோமில் ஜாக்கோமா தே செத்தெசோலி என்ற தோழி இருந்தார். ஃபிராஞ்சிபானி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இளவயதில் கணவனை இழந்தவர். பிரான்சிஸ் ரோமில் நோயுற்றிருந்தபோது பாதாமும் தேன் அல்லது சர்க்கரையும் சேர்த்த ஓர் இனிப்பைச் செய்து கொடுத்திருக்கிறார். 1226-இல் மரணப் படுக்கையில் இருந்த பிரான்சிஸுக்கு அந்த இனிப்பின் நினைவு வந்து, அதையும் தன் உடலுக்குப் போர்த்தத் துணியையும் எடுத்துவரும்படி கடிதம் எழுதச் சொன்னார். கடிதம் புறப்படும் முன்பே ஜாக்கோமா வாசலில் வந்து நின்றார். அந்த இல்லத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது விதி. ஜாக்கோமாவை பிரான்சிஸ் ‘சகோதரர் ஜாக்கோபா’ என்றுதான் அழைப்பார்; ‘சகோதரர் ஜாக்கோபாவுக்கு’ அந்த விதி இல்லை என்று சொல்லி உள்ளே அழைத்தார். இனிப்பைச் செய்து கொடுத்தார்கள். அவரால் கொஞ்சம்தான் சாப்பிட முடிந்தது. ஜாக்கோமாவின் கல்லறை இன்றும் அசிசி பேராலயத்தில், பிரான்சிஸின் கல்லறைக்கு அருகிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த இனிப்பு வெண்ணெயும் முட்டையும் சேர்த்த இந்தப் பூரணம் அல்ல. குடும்பப் பெயரும் பாதாமும் பொருந்தியதால் பின்னால் வந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பூரணத்தின் பிறப்புக் கதையாக இதை ஏற்க முடியாது. அதற்காக அந்த நட்பின் கதையை யாரும் சொல்லாமல் விட வேண்டியதில்லை.

ஃபிராஞ்சிபானி என்று ஒரு பூ இருக்கிறதே, அதிலிருந்து வந்த பெயர் இல்லையா?

இல்லை. இரண்டுக்கும் அதே கையுறை வாசனையிலிருந்து வந்த பெயர். பூவைத் தமிழில் ஈழத்தலரி என்போம். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், உதிர்ந்து கிடக்கும்போதும் மணக்கும். சிங்களத்தில் அரலிய. புத்த விகாரைகளில் தட்டு நிறைய வைத்திருப்பார்கள். மரம் மத்திய அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் சேர்ந்தது. அங்கே போன ஐரோப்பியர்களுக்கு அதன் மணம் ஊரில் பழகிய ஃபிராஞ்சிபானி வாசனையை நினைவூட்டியது, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அதன் அறிவியல் பெயரான புளூமேரியா, சார்ல் புளூமியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் நினைவாக வந்தது.

பூரணத்தில் அந்தப் பூவைச் சேர்க்கலாமா?

வேண்டாம். கிளையையோ காம்பையோ ஒடித்தால் வடியும் பால் தோலிலேயே எரிச்சல் உண்டாக்கும். செவ்வரளியின் குடும்பத்து மரம் அது. மேலே அலங்காரமாக வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

எப்படி உச்சரிப்பது?

பிரெஞ்சில் ‘ஃபிரான்ஷிபான்’ என்பதற்கு நெருக்கமாக, ‘ஷி’ சற்று அழுத்தமில்லாமல். ஆங்கிலத்தில் ‘ஃபிராஞ்சிபேன்’. கடைசியில் ‘னி’ சேர்த்தால் பூவையோ குடும்பத்தையோ குறிக்கும்.

ஒரு புத்தகத்தில் நான்கே பொருள், இன்னொன்றில் பால் கஸ்டர்டும் சேர்க்கச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, நாடு வேறு. பிரான்சில் வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பாதாம் சேர்ந்த கலவைக்குப் பெயர் ‘கிரெம் தமாந்த்’, அதாவது பாதாம் கிரீம். அதன் இரண்டு பங்கோடு ‘கிரெம் பாட்டிஸியேர்’ என்ற பால் கஸ்டர்ட் ஒரு பங்கு கலந்தால்தான் அங்கே ஃபிராஞ்சிபான். இங்கிலாந்திலும் ஆங்கிலம் வழி சமைக்கும் நாடுகளிலும் வெறும் பாதாம் கிரீமையே ஃபிராஞ்சிபான் என்கிறார்கள். பிரான்சிலும் சில கடைகளில் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

நாவில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பாதாம் கிரீம் மட்டும் வைத்தால் கெட்டியாக, பாதாம் தூக்கலாக இருக்கும். கஸ்டர்ட் கலந்தால் மெத்தென்று ஈரம் நிற்கும், ஒரு பெரிய துண்டு சாப்பிட்டாலும் திகட்டாது. பழம் வைத்த டார்ட்டுக்கு நான் பாதாம் கிரீமை மட்டும் வைப்பேன், ஏனென்றால் பழத்தின் நீரே போதும். பஃப் பேஸ்ட்ரிக்கு நடுவில் வைப்பதற்குக் கஸ்டர்ட் கலந்ததுதான் எனக்குப் பிடிக்கும். எந்தக் குறிப்பைப் பின்பற்றினாலும் பெயரை நம்பாமல் பொருள் பட்டியலைப் பாருங்கள். கஸ்டர்ட் கலப்பதானால் அது முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாகக் கலந்தால் வெண்ணெய் உருகி ஓடிவிடும்.

அளவும் செய்முறையும்?

22 சென்டிமீட்டர் டார்ட்டுக்கு: உப்பு சேர்க்காத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், பாதாம் பொடி 100 கிராம், முட்டை 2 (ஓடு நீக்கி ஏறத்தாழ 100 கிராம்), மைதா 15 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. விரும்பினால் ஒரு ஸ்பூன் ரம். நான்கு பொருளும் சம எடை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் வேறு குறிப்பே தேவையில்லை.

பாதாம் பொடியை வீட்டிலேயே அரைக்கலாம். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசினால், இரு விரலால் பிதுக்கும்போது பருப்பு தோலைவிட்டு வழுக்கி வெளியே வரும். அதைத் துணியில் பரப்பி நன்றாக உலர்த்த வேண்டும், ஈரம் இருந்தால் மிக்ஸியில் விழுதாகிவிடும். எடுத்து வைத்த சர்க்கரையில் கொஞ்சம் சேர்த்து, விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடேறி பாதாம் எண்ணெய் விடத் தொடங்கும், பொடி கட்டிகட்டியாக ஜாரின் அடியில் ஒட்டும். அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் பொடியாக்க வழியில்லை. அரைத்ததைச் சலித்து, கப்பியை மறுபடி ஒரு சுற்று விட்டால் போதும். தோலோடு அரைத்தாலும் தப்பில்லை. நிறம் பழுப்பாகும், சுவையில் லேசான துவர்ப்பு வரும்.

வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று உருகியிருக்கக் கூடாது. சென்னை வெயிலில் மேடையில் வைத்து மறந்தால் பத்து நிமிடத்தில் அந்தப் பதத்தைத் தாண்டிவிடும், கவனம். வெண்ணெயையும் சர்க்கரையையும் கரண்டியால் குழையுங்கள். கேக்குக்கு அடிப்பது போல் பீட்டரால் நுரைக்க அடிக்காதீர்கள். உள்ளே காற்று அதிகமானால் ஓவனில் உப்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடும். பிறகு பாதாம் பொடி, முட்டையைச் சிறிது சிறிதாக, கடைசியில் மைதாவும் உப்பும். மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

ஓட்டில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், 170 முதல் 180 டிகிரி செல்சியஸில் 35–40 நிமிடம். மேல்புறம் பொன்னிறமாகி, நடுவில் தொட்டால் எழும்பி வர வேண்டும். குச்சி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். ஓரம் மட்டும் சிவந்து நடு தளும்பினால் மேலே அலுமினியத் தாள் போர்த்தி இன்னும் ஐந்தாறு நிமிடம் விடுங்கள்.

முட்டை சேர்த்ததும் திரிந்துபோகிறதே?

முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கும், அல்லது மொத்தமாக ஊற்றியிருப்பீர்கள். குளிர்ந்த முட்டை பட்டதும் வெண்ணெய் துகள் துகளாக இறுகி, நீர் தனியே நிற்கும். இரண்டு ஸ்பூன் பாதாம் பொடி போட்டுக் கலக்குங்கள், சேர்ந்துவிடும். நான் மேலே பாதாம் பொடியை முட்டைக்கு முன்னால் சேர்க்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

அவ்வளவு பாதாம் போட்டும் கடையில் வரும் ‘பாதாம் மணம்’ வரவில்லையே?

அந்த மணம் நாம் சாப்பிடும் இனிப்புப் பாதாமில் மிகக் குறைவு. அது கசப்பு பாதாமின் மணம். கசப்பு பாதாமில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. இடித்து ஈரம் பட்டதும் அது உடைந்து பென்சால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் ஆகும். முதலாவது மணம், இரண்டாவது கொடிய விஷம். அதனால் கசப்பு பாதாமை வீட்டில் பயன்படுத்தவே கூடாது. ஆப்ரிகாட் போன்ற பழத்தின் கொட்டையை உடைத்துப் பருப்பைப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கடையில் விற்கும் பாதாம் எசென்ஸில் இருப்பது பென்சால்டிஹைட் மட்டும்தான். விஷத்தை நீக்கிய கசப்பு பாதாம் எண்ணெயிலிருந்தோ ஆப்ரிகாட் கொட்டையிலிருந்தோ எடுப்பார்கள், அல்லது செயற்கையாகத் தயாரிப்பார்கள். மேலே சொன்ன அளவுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். கால் ஸ்பூன் ஊற்றினால் மருந்து வாடை அடிக்கும். எனக்கு எசென்ஸே இல்லாமல், வெண்ணெயில் வறுபட்ட பாதாமின் மெல்லிய மணம்தான் பிடிக்கும். ஓவனில் கடைசிப் பத்து நிமிடத்தில் அது வீடு முழுக்கப் பரவும்.

மார்சிபானும் இதுவும் ஒன்றா?

இல்லை. மார்சிபான் பாதாமும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த மாவு, வெண்ணெய் கிடையாது. உருட்டலாம், பழம் மாதிரி உருவம் பிடிக்கலாம், கேக் மேல் போர்த்தலாம். ஃபிராஞ்சிபான் பேக் செய்தால்தான் உருவம் பெறும்.

பாதாமுக்குப் பதில் முந்திரி?

தாராளமாக. ஐரோப்பியப் பாதாம் பலகாரங்கள் நம் கடற்கரைக்கு வந்தபோது நடந்ததே இதுதான். மக்ரூன் ஐரோப்பாவில் பாதாமும் வெள்ளைக் கருவும் சேர்த்தது. தூத்துக்குடியில் முந்திரிக்கு மாறி, கூம்பு வடிவம் பெற்று, அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இலங்கையின் லவ் கேக்கிலும் முந்திரிதான். ஃபிராஞ்சிபானில் முந்திரி போட்டால் பாதாமின் நறநறப்பு குறைந்து வழவழப்பு கூடும், கொஞ்சம் இனிப்பாகவும் தெரியும். அதனால் சர்க்கரையை 80 கிராமாகக் குறையுங்கள். முந்திரி பாதாமைவிடச் சீக்கிரம் விழுதாகும், மிக்ஸியை இன்னும் நிதானமாக ஓட்டுங்கள். பிஸ்தாவும் நன்றாக வரும், செலவுதான் கூடுதல்.

நாட்டு வாதுமை?

தெருவோரம் குடை விரித்தாற்போல் நிற்கும் வாதுமை மரம், இலங்கையில் கொட்டாங்காய், வேறு இனம். உள்ளே இருக்கும் மெல்லிய பருப்பு சுவையானது, சாப்பிடலாம். ஆனால் 100 கிராம் சேர்க்க எத்தனை காயை உடைப்பது! கையில் கிடைத்தால் நறுக்கி மேலே தூவுங்கள்.

ஜனவரியில் பிரான்சில் இதை வைத்து ஏதோ ராஜா கேக் செய்கிறார்களே?

‘கலெத் தே ருவா’, ராஜாக்களின் கலெத். கலெத் என்றால் தட்டையான வட்டப் பலகாரம். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டி வருவது. இரண்டு வட்ட பஃப் பேஸ்ட்ரிக்கு நடுவில் ஃபிராஞ்சிபான். உள்ளே ‘ஃபெவ்’ என்று ஒன்றை ஒளித்து வைப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அவரை இனத்தில் ஒரு விதை என்று பொருள், முதலில் அதைத்தான் வைத்தார்கள். இப்போது சின்னப் பீங்கான் பொம்மை. வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் போய் உட்கார, பெரியவர் ஒவ்வொரு துண்டாகக் கை வைத்து ‘இது யாருக்கு?’ என்பார். குழந்தை பெயர் சொல்லும். பார்க்காமல் பங்கிடுவதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஃபெவ் வந்தவருக்குத் தங்கக் காகிதக் கிரீடம்.

பிரான்சில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூடத்திலேயே பழக்கமாகிவிட்டது. தென் பிரான்சில் இதற்குப் பதில் பழத்துண்டு பதித்த பிரியோஷ் (வெண்ணெயும் முட்டையும் சேர்த்த மெத்தென்ற ரொட்டி) வளையம் செய்வார்கள். அதிபர் மாளிகையான எலிசேயில் வெட்டும் கலெத்தில் மட்டும் ஃபெவ் இருக்காது. குடியரசில் ராஜா கூடாதல்லவா!

வீட்டில் செய்பவர்களுக்கு: ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுப் பூரணத்தைப் பரப்புங்கள். ஃபெவ்வை நடுவில் வைக்காமல் விளிம்புப் பக்கம் வையுங்கள். நடுவில் வைத்தால் முதல் வெட்டிலேயே கத்தி அதில் இடறும். ஓரத்தில் தண்ணீர் தடவி அழுத்தி ஒட்டி, மேலே ஆவி போக ஒரு சின்னத் துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் ஒட்டிய ஓரம் பிரிந்து பூரணம் தட்டில் வழியும். ஃபெவ் இருப்பதைச் சாப்பிடுபவர்களிடம், முக்கியமாகக் குழந்தைகளிடம், முன்பே சொல்லிவிடுங்கள்.

வேறு எதிலெல்லாம் வரும்?

பேரிக்காய் அடுக்கிய ‘தார்த் பூர்தாலு’, பாரிஸில் ஒரு தெருவின் பெயர் கொண்டது. இங்கிலாந்தின் டார்பிஷரில் பேக்வெல் என்ற ஊரின் டார்ட், அடியில் ஜாம், மேலே ஃபிராஞ்சிபான். அப்புறம் பாதாம் குரோசான். அது முந்தின நாள் மீந்த குரோசானைப் பாகில் நனைத்து, பாதாம் கிரீம் வைத்து மறுபடி பேக் செய்வது. மீந்ததை இவ்வளவு அருமையாக்கும் வேறு பலகாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

முட்டை இல்லாமல் முடியுமா?

முடியும். இரண்டு முட்டைக்குப் பதில் 70 மில்லி பாலும் ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் சேருங்கள். உப்பாது, வெட்டும்போது சற்று உதிரும். ஆழமான டார்ட்டுக்குப் பதில் மெல்லிய பரப்பாகச் செய்தால் நன்றாக இருக்கும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

பேக் செய்யாத பாதாம் கிரீம் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம். கஸ்டர்ட் கலந்ததை உறைய வைக்காதீர்கள், உருகும்போது நீர் பிரியும். அதை மறுநாளுக்குள் பேக் செய்துவிடுவது நல்லது. பேக் செய்த டார்ட் குளிர் நாட்டில் இரண்டு நாள் வெளியே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அன்றைக்கு மட்டும்தான் வெளியே, பிறகு ஃப்ரிட்ஜ். சாப்பிடும் முன் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கினால் ஓடு மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவில் வைத்தால் ஓடு நமத்துவிடும். கொட்டைப்பருப்பு ஒவ்வாமை உள்ள விருந்தாளி வருவதாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், அதே மிக்ஸி ஜாரில் அவர்களுக்கு வேறு எதையும் அரைக்கவும் வேண்டாம்.